மணம் தேடும் சிறு ட்ரோனுக்கு எந்த மூக்கு?

காற்றில் வரும் மணத்தைப் பிடித்துக்கொண்டு அது புறப்படும் இடம் வரை தானாகவே பறந்து செல்லும் உள்ளங்கை அளவு ட்ரோன் ஒன்றை உருவாக்க எண்ணுபவர் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: பறக்கும் உடல், தேடும் வழிமுறை, முகரும் உணரி. உடலை விலைக்கு வாங்கிவிடலாம். ஸ்வீடனின் மால்மோ நகரில் உள்ள பிட்கிரேஸ் நிறுவனத்தின் கிரேசிஃப்ளை என்னும் 27 கிராம் ட்ரோன் இத்துறை ஆய்வகங்கள் பலவற்றில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. வழிமுறையை நிரலாக எழுதி, பிழை கண்டால் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். உணரியில் அந்த வசதி இல்லை. அதன் எடையும் மின்தேவையும் ஆயுளும் அது உணரக்கூடிய மணங்களும் மற்ற இரண்டையும் கட்டிப்போடுவதால், அங்கே தவறினால் முழுத் திட்டத்தையும் தொடக்கத்திலிருந்து செய்ய நேரும்.

உணரிக்கு இன்று நம்முன் உள்ள பாதைகள் முக்கியமாக மூன்று. உயிருள்ள பூச்சியின் உணர்கொம்பை எடுத்து ட்ரோனில் பொருத்துவது ஒன்று. கடைகளில் கிடைக்கும் உலோக ஆக்சைடு வாயு உணரியைப் பொருத்தி, பூச்சியின் தேடும் நடத்தையை மட்டும் நிரலில் கொண்டுவருவது மற்றொன்று. மண மூலக்கூறைப் பிடித்து உணரும் பூச்சியின் மண ஏற்பிப் புரதங்களை ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலோ செயற்கைச் சவ்விலோ பதித்து உணரியாக்குவது மூன்றாவது. இவற்றுள் எது மிகக் குறைந்த மணத்தையும் உணரும் நுண்மை கொண்டது என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஒரு மணத்தை உணர்ந்த உணரி எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதையே முதற்கேள்வியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் காற்றில் மணம் பரவும் விதத்திலேயே இருக்கிறது.

ஊதுபத்திப் புகையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு சாண் உயரம் வரை நேர்கோடாக எழும் புகை, அதற்கு மேல் சுருண்டு, கிழிந்து, தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடுகிறது. ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் இடையே தூய காற்று நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத மணமும் திறந்தவெளியில் இப்படியே பயணம் செய்கிறது. மணம் புறப்படும் ஊற்றிடத்தை நோக்கிச் சென்றால் செறிவு சீராகக் கூடிக்கொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பு, காற்றசைவற்ற மூடிய அறைக்கு ஓரளவு பொருந்தலாமே தவிர, காற்று வீசும் வெளிக்குப் பொருந்தாது. ஊற்றிடத்திலிருந்து வெகுதொலைவில் கூடச் செறிவான ஓர் இழை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும். மிக அருகிலும் சில நொடிகள் எதுவுமே இல்லாமல் இருக்கும்.

அந்துப்பூச்சி இந்தச் சிதறலோடு போராடுவதில்லை, அதையே பயன்படுத்திக்கொள்கிறது. மணம் பட்டவுடன் காற்றை எதிர்த்து முன்னோக்கிப் பாய்கிறது. மணம் விட்டுப்போனால் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக வீசிப் பறந்து, அறுந்த இழையைத் தேடுகிறது. காற்றைக் கட்டுப்படுத்தி வீசச்செய்யும் காற்றுக் குகையில் செய்த சோதனைகளில், ஆணை ஈர்க்கப் பெண் பூச்சி வெளியிடும் பெரோமோன் என்னும் மணப்பொருள் எங்கும் சீராக நிறைந்த காற்றில் ஆண் அந்துப்பூச்சிகள் முன்னேற முடியாமல் தடுமாறின. அதே பெரோமோனை விட்டுவிட்டுச் செலுத்தியபோது காற்றை எதிர்த்து நேராகப் பறந்தன. மணத்தின் இருப்போடு அதன் துடிப்பும் பூச்சிக்கு வழிகாட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதை ட்ரோனுக்குப் பொருத்திக் கணக்கிடலாம். ட்ரோன் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும், அதன் உணரி ஓர் இழையைத் தொட்டபின் பழைய நிலைக்குத் திரும்ப 10 நொடி ஆகிறது என்றும் கொள்வோம். அந்த 10 நொடியில் ட்ரோன் 10 மீட்டர் கடந்திருக்கும். இடையில் எத்தனை இழைகள் வந்து போயின என்பதை அறியாமல், மணத்திற்குள்ளேயே இருப்பதாக எண்ணித் தவறான திசையில் போய்க்கொண்டிருக்கும். கிரேசிஃப்ளை போன்ற ட்ரோன் ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 7 நிமிடமே பறக்கும் என்பதால், நின்று நிதானித்துத் தேடுவதற்கும் நேரம் இல்லை.

உணர்கொம்பின் பெருமை இங்கேதான் புலப்படுகிறது. 1957-இல் டீட்ரிக் ஷ்னைடர் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பில் இரு மின்முனைகளைப் பொருத்தி, மணம் படும்போது அதில் எழும் மின்னழுத்த மாற்றத்தைப் பதிவுசெய்து காட்டினார். அந்த முறையே இன்று ட்ரோனில் ஏறியிருக்கிறது. ஆண் பட்டுப்பூச்சியின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் பாம்பிகால் என்னும் பெண் பூச்சியின் பெரோமோனை உணரும் நுண்மயிர்கள் ஏறத்தாழ 17,000 உள்ளன. ஒரே ஒரு மூலக்கூறு ஓர் ஏற்பு உயிரணுவில் நரம்புத் துடிப்பை எழுப்பப் போதுமானது என்பது 1970-இலேயே காட்டப்பட்டுவிட்டது. அந்தப் பாம்பிகாலின் வேதியமைப்பைக் கண்டறிய அடால்ஃப் பூட்டனான்ட் குழுவினருக்கு ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகளும் 20 ஆண்டு உழைப்பும் தேவைப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தால், பூச்சி கணப்பொழுதில் செய்யும் வேலையின் அருமை தெரியும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலனி ஆண்டர்சன் முதலானோர் 2020-இல் வெளியிட்ட ஸ்மெல்லிகாப்டர் இப்பாதையின் நல்ல எடுத்துக்காட்டு. புகையிலைச் செடியைத் தின்னும் புழுவிலிருந்து வரும் மேண்டூகா செக்ஸ்டா என்ற பெரிய அந்துப்பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கமுறச் செய்து, அதன் உணர்கொம்பை வெட்டியெடுத்து, இரு முனைகளிலும் மெல்லிய கம்பிகளைச் செருகி, கிரேசிஃப்ளை ட்ரோனின் மேல் பொருத்தினார்கள். ட்ரோன் எப்போதும் காற்றை எதிர்நோக்கியே நிற்க வேண்டும் என்பதற்காக அதன் பின்புறத்தில் இரண்டு பிளாஸ்டிக் துடுப்புகளை வைத்தார்கள். காற்றுத் திசைகாட்டியின் வால் செய்யும் அதே வேலையை அவை செய்தன. மின்சுற்றும் கணிப்பும் இல்லாமல் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைக் கொண்டே ஒரு கடினமான சிக்கலைத் தீர்த்த அந்த முடிவை, இத்துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் மதிக்கிறேன். ஜி.பி.எஸ். உதவியில்லாமல், கீழே நகரும் காட்சியைக் கேமரா மூலம் கவனித்தே அந்த ட்ரோன் தன் நிலையைக் காத்துக்கொண்டது. வழக்கமான உலோக ஆக்சைடு உணரியோடு ஒப்பிட்டபோது, உணர்கொம்பு விரைவில் மணத்தை உணர்ந்ததோடு, அடுத்த இழைக்கும் விரைவில் ஆயத்தமானது.

ஜப்பானில் இதே வேலை பட்டுப்பூச்சியைக் கொண்டு நடக்கிறது. ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் டைகோ தெருட்சுகியும் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ரியோஹெய் கன்சாகியும் பங்கேற்ற ஆய்வில், 2021-இல் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பைத் தாங்கிய சிறு ட்ரோன் பாம்பிகால் ஊற்றிடத்தைத் தேடிப் பறந்தது. 2025-இல் வெளியான அடுத்த வடிவம், ஒரேயடியாகச் சுழலாமல் நின்று நின்று திரும்பி ஒவ்வொரு திசையிலும் மணத்தை அளந்து, 5 மீட்டர் தொலைவு வரையுள்ள ஊற்றிடத்தைக் கண்டுபிடித்தது. 5 மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கலாம். ட்ரோனின் விசிறிகள் கிளப்பும் காற்றுக் குழப்பத்துக்கும் மோட்டார்களின் மின் இரைச்சலுக்கும் நடுவில் மிக நுண்ணிய மின்னழுத்த மாற்றத்தைப் பிரித்தறிந்தே அத்தொலைவு எட்டப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

ஆனால் இப்பாதைக்கான விலை கனமானது. சியாட்டில் குழுவின் கணக்கில், வெட்டியெடுத்த உணர்கொம்பு அதிகபட்சம் நான்கு மணிநேரமே செயல்படுகிறது. குளிரூட்டி வைத்தால் இன்னும் சிறிது நீட்டிக்கலாம். ஒவ்வொரு பறப்பு நாளுக்கும் புதிதாக வளர்ந்த பூச்சி வேண்டும். ஓர் உணர்கொம்பு தரும் மின்குறி மற்றொன்று தரும் அளவில் இருக்காது என்பதால் ஒவ்வொரு முறையும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். வாரம் முழுவதும் பணியில் நிற்கும் ஒரு கருவியை எதிர்பார்ப்பவருக்கு இது ஒத்துவராது. உயிரொன்றின் உறுப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதும் சிறிய விஷயமன்று. மேசையில் ஒரு சிப் போதுமான இடத்தில் பூச்சியை வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

இதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. உணர்கொம்பு அந்தப் பூச்சிக்கு வேண்டிய மணத்தையே நன்கு உணரும். மேண்டூகா பூவின் மணத்தை நன்கு அறியும். ஆண் பட்டுப்பூச்சி பாம்பிகாலுக்கென்றே பிறந்தது போன்றது. நமக்கு வேண்டிய வாயுவைச் சொல்லி ஓர் உணர்கொம்பை வரவழைக்க முடியாது. மரபணு வழியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் ஏற்பியைப் பட்டுப்பூச்சிக்குள் புகுத்தியபோது, அந்த ஆண் பட்டுப்பூச்சிகள் அயல் இனத்தின் பெரோமோனுக்கும் இணைதேடும் நடத்தையைக் காட்டின. ஆயினும் அதைச் செய்ய மரபணு ஆய்வகமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் பாலைவன வெட்டுக்கிளியின் உணர்கொம்பைத் தரையில் ஓடும் ரோபோவில் பொருத்தி, எலுமிச்சை, ஜெரேனியம் போன்ற பல மணங்களை இயந்திரக் கற்றலால் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார்கள். ஒரே பெரோமோனுக்குக் கட்டுப்படாத பூச்சியை எடுத்துக்கொண்டால் இத்தடை ஓரளவு தளரும் என்பதற்கு அது நம்பிக்கை தருகிறது.

உலோக ஆக்சைடு உணரியின் இயல்பு வேறு. 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்பட்ட வெள்ளீய ஆக்சைடின் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு மின்னணுக்களைப் பிடித்து வைக்கிறது. ஆல்கஹால், சமையல் வாயு போன்றவை வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும்போது மின்னணுக்கள் விடுபட்டு மின்தடை குறைகிறது. மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்பும் வேகம்தான் இதன் பலவீனம். வழக்கமான உணரிகளில் அதற்குப் பல நொடிகள் பிடிக்கும். எந்த வாயு என்று தெளிவாகச் சொல்லவும் இதனால் இயலாது. காற்றின் ஈரப்பதம் மாறினாலும் அளவு மாறும். ஆனால் இது மாதக்கணக்கில் உழைக்கும், விலை குறைவு, கடையில் கிடைக்கும், பூச்சி வளர்க்க வேண்டியதில்லை.

மாணவர்கள் அடிக்கடி இடறும் ஒரு கல்லை இங்கே சொல்லிவிடுகிறேன். மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் எம்.கியூ. வரிசை உணரியின் சூடேற்றி ஏறக்குறைய 0.8 வாட் மின்சக்தி உண்ணும். கிரேசிஃப்ளையின் சிறு மின்கலத்தையும் அதன் பறக்கும் நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், ட்ரோன் காற்றில் நிற்பதற்கே சுமார் 8 வாட் செலவாகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை மூக்குக்கு மட்டும் கொடுக்க முடியாது. சிலிக்கான் சில்லின் மேல் நுண்ணளவில் செய்யப்படும் உணரிகள் இதே வேலையை ஏறக்குறைய 15 மில்லிவாட்டில் முடித்துவிடுகின்றன. தேர்வு இவ்வகைக்குள்தான் இருக்க வேண்டும்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2021-இல் வெளியிட்ட ஸ்னிஃபி பக் இந்தப் பாதையின் வலிமையைக் காட்டுகிறது. ஒரே ட்ரோனின் உணரி மந்தமானது என்றால் பல ட்ரோன்களைச் சேர்த்துத் தேடவிடலாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. சிறு கிரேசிஃப்ளைகள் தடைகள் நிறைந்த உள்ளரங்கில் ஒன்றோடொன்று அளவுகளைப் பகிர்ந்துகொண்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றிடத்தை வெளியுதவியின்றிக் கண்டறிந்தன. உணரியின் மந்தமும் இனி மாற்றமுடியாததாக இல்லை. ஹெர்ட்ஃபோர்டுஷையர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷ்முக்கர் குழுவினர் 2024-இல் சூடேற்றியின் வெப்பத்தை மிக விரைவாக ஏற்றியிறக்கியும் மின்குறியை நுட்பமாகப் பிரித்தாய்ந்தும், மில்லிநொடி அளவில் வந்துபோகும் மணத்துடிப்புகளைச் சிறு மின்னணு மூக்கால் வேறுபடுத்திக் காட்டினார்கள். 2020-இல் உணர்கொம்புக்குச் சாதகமாக இருந்த ஒப்பீடு இதனால் அப்படியே செல்லாமற்போகிறது என்று கருதுகிறேன். புதிதாகத் தொடங்கும் எவரும் பழைய ஒப்பீட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவது பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூச்சிகளின் மண ஏற்பிகள் மணம் பட்டவுடன் மின்னூட்டத் துகள்களைக் கடக்கவிடும் அயனி வாயில்களாகத் தாமே செயல்படுவதால், உணரி செய்வோருக்கு அவை வசதியானவை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷோஜி தகேயுச்சி குழுவினர் 2021-இல் கொசுவின் ஏற்பியைச் செயற்கைச் சவ்வில் பதித்து, மனித மூச்சுக்காற்றில் கலந்த ஆக்டினால் என்னும் மணப்பொருளை நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவில் கண்டறிந்தார்கள். வேண்டிய ஏற்பியைத் தேர்ந்தெடுத்து மூக்கு செய்யலாம் என்ற கனவுக்கு இதுவே நேர்வழி. ஆனால் நீர்மத்தைச் சுமந்து, அதிர்வையும் வெயிலையும் தாங்கிச் சில கிராம் எடைக்குள் பறக்க வேண்டும் என்றால் இன்று இதை நம்பித் திட்டம் போட முடியாது.

எந்தப் பாதையை எடுத்தாலும் விசிறிக் காற்று பொதுவான எதிரி. நான்கு விசிறிகளும் மேலிருந்து காற்றை உறிஞ்சிக் கீழே தள்ளுகின்றன; உணரியை வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டால் எங்கிருந்தோ கலந்து வந்த காற்றையே அது முகரும். மேற்புறத்திலோ முன்புறத்தில் நீட்டிய தண்டிலோ வைப்பது மேல். பட்டுப்பூச்சியே இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது: வளர்ப்புக்குப் பழகிப்போன அதனால் பறக்க இயலாது, ஆயினும் மணம் பட்டவுடன் சிறகடித்துக்கொண்டே நடந்து, முன்னாலுள்ள காற்றைத் தன் உணர்கொம்புகளுக்கு ஊடாக இழுத்துக்கொள்கிறது. உறிஞ்சும் காற்றின் வழியிலேயே உணரியை வைத்தால் விசிறியும் ஓரளவு துணைசெய்யும்.

இனி முடிவுக்கு வருவோம். தேடவேண்டிய மணம் எது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். அம்மோனியாக் கசிவைத் தேடும் கருவி வேண்டுமென்றால் அந்துப்பூச்சியின் உணர்கொம்பு பக்கமே போக வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு வெளியேறிய நிகழ்வைக் கேட்டதிலிருந்து, இத்தகைய ட்ரோன்கள் அங்கு உதவுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கடற்காற்றில் 27 கிராம் ட்ரோன் நிற்காது. அங்கே வேண்டியது அம்மோனியாவுக்கென்றே செய்யப்பட்ட மின்வேதி உணரியைத் தாங்கிய, எடை கூடிய ட்ரோன். மீத்தேன் குழாய்க் கசிவுக்கு 1.65 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் லேசர் கருவி இருக்கிறது. அது வாயுவுக்குள் நுழையாமலேயே தொலைவிலிருந்து அளந்துவிடும். மக்கள் உயிர் சார்ந்த இடத்தில் புதுமையின் கவர்ச்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பயிர்ப்பூச்சியின் பெரோமோன் போல மிக நுண்ணிய அளவில், குறிப்பிட்ட ஒரே மூலக்கூறைத் தேடுவதானால் உணர்கொம்புக்கு இணை இன்று இல்லை. பட்டுப்பூச்சியைக் கொண்டு அந்த ஆய்வைத் தொடங்க விரும்பும் தமிழ்நாட்டுக் குழுவுக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் பட்டு வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. நூல் எடுக்கும் கூடுகளில் கூட்டுப்புழுவை வெப்பத்தால் கொன்றுவிடுவதால் அங்கிருந்து பூச்சி கிடைக்காது. பட்டுப்புழு முட்டைகளை உற்பத்தி செய்யும் நிலையங்களில்தான் பூச்சிகள் வெளிவர விடப்படுகின்றன, இணைசேர்ந்தபின் ஆண் பூச்சிகளுக்கு அங்கே வேறு வேலை இல்லை. சியாட்டில் குழுவைப் போல மேண்டூகாவை முட்டையிலிருந்து வளர்க்கும் சுமை இதனால் குறையும்.

பொறியியல் கல்லூரிக் குழுவொன்று ஓராண்டுக்குள் பறக்கும் கருவியைக் காட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டால், நுண்ணளவு உலோக ஆக்சைடு உணரி, பின்புறத் துடுப்புகள், பாய்ந்தும் குறுக்கே வீசியும் தேடும் வழிமுறை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தொடங்கச் சொல்வேன். உணரியின் வேகத்தை நிரலால் கூட்டும் வேலையே அவர்களுக்கு நல்ல ஆய்வுப்பொருளாகும். முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு 2022 பிப்ரவரி முதல் கட்டுப்பாடு இருக்கிறது. ஆராய்ச்சிக்கான விலக்கைப் பெறுவதற்கும், இல்லையெனில் உதிரிப்பாகங்களை வாங்கி இங்கேயே பூட்டுவதற்கும் தேவைப்படும் காலத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். மேசை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை அதன் முன் அரை நொடி காட்டி, ஒரு நொடி விலக்கி, மறுபடியும் அரை நொடி காட்டுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, கட்டிவைத்த ட்ரோனின் விசிறிகள் சுழன்றுகொண்டிருக்க, உணரியின் அளவைப் பதிவுசெய்யுங்கள். வரைபடத்தில் இரண்டு முகடுகள் தனித்தனியே தெரிந்தால் அந்த உணரியோடு பறக்கலாம்; இரண்டும் ஒரே மேடாகக் கலந்துவிட்டால், அதன் நுண்மை எவ்வளவு உயர்ந்ததாக அச்சிடப்பட்டிருந்தாலும், திறந்தவெளியில் மணத்தைத் தொடர அது போதாது.